மீறல் என்னும் சொல்: யாருடைய வரம்பு, யாருடைய மீறல்?

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளையொட்டிப் புளியங்குடியில் நிகழ்த்தப்பட்ட நினைவுப் பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கான அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும்போது ஒரு சொல்லில் தடுக்கி நின்றோம். 'மரபை மீறும் எழுத்து' என்று தலைப்புப் போட்டிருந்தோம். மெய்ப்புத் தாளை வாங்கிப் பார்த்த பெரியவர் ஒருவர், எலுமிச்சைத் தோப்பில் காய் பறித்தே அரை ஆயுளைக் கழித்தவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நாம எதய்யா மீறுனோம்? செருப்புப் போட்டுத் தெருவுல நடந்தோம். டீக்கடை பெஞ்சுல உக்காந்தோம். பிள்ளைய படிக்க வச்சோம். இதெல்லாம் மீறலா? மீறுனது அவனுவல்லா?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நம்மிடம் பதில் இல்லை. தலைப்பை மாற்றாமலே அச்சடித்துவிட்டோம். ஆனால் கேள்வி விடவில்லை. தலித் எழுத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும், நாம் உட்பட, 'மீறல்' என்ற சொல்லைத் தாராளமாகப் புழங்குகிறோம். அது நம்மைப் பெருமைப்படுத்துகிறதா, குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறதா? இன்றைய பொழிவு அந்தப் பெரியவருக்குச் சொல்ல முயலும் பதில்.

1. சொல்லின் வேர்

'மீ' என்றால் மேல். மீறுதல் என்றால் மேலே போதல், அளவைக் கடத்தல். முதலில் அது பழிச்சொல் அல்ல. வீட்டுப் பேச்சில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. 'காரியம் கை மீறிப் போச்சு' என்கிறோம். 'சக்திக்கு மீறிக் கடன் வாங்கிட்டான்' என்கிறோம். இவற்றில் அளவு கடந்தது என்ற பொருள்தான் உண்டு, குற்றம் இல்லை. 'அம்மா பேச்சை மீற மாட்டான்' என்னும்போது இன்னொரு பொருள் வருகிறது. அங்கே மீறப்படுவது ஒரு கட்டளை. 'விதிமீறல்', 'மனித உரிமை மீறல்' என்று செய்தித்தாள் எழுதும்போது அது சட்டச் சொல் ஆகிவிடுகிறது. அளவைக் கடப்பது, கட்டளையைக் கடப்பது, சட்டத்தைக் கடப்பது என்று ஒரே வினைக்கு மூன்று வேலை.

இந்த மூன்றிலும் எதைக் கடக்கிறோம் என்பதைச் சொல்ல இன்னொரு சொல் வேண்டும். அந்தச் சொற்களைக் கூர்ந்து பாருங்கள். 'வரம்பு மீறினான்' என்கிறோம். வரம்பு என்பது வயலின் வரப்பு. 'எல்லை மீறினான்' என்கிறோம். எல்லை என்பது நிலத்தின் முடிவு. 'அத்து மீறினான்' என்கிறோம். 'அத்து' என்பது அரபியின் 'ஹத்' என்ற சொல் உருது வழியாக நம்மிடம் வந்தது. அதற்கும் பொருள் எல்லைதான். தெலுங்கிலும் 'ஹத்து மீறு' என்று இதே வழக்கு உண்டு.

ஆக, ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதாக நாம் நினைக்கும் இந்தச் சொற்கள் எல்லாமே நிலத்தைப் பற்றிய சொற்கள். வரப்பு இருக்கிறவனுக்குத்தான் வரம்பு மீறல் தெரியும். வயலே இல்லாதவன் எந்த வரப்பை மிதித்தாலும் அது அடுத்தவன் வரப்புதான். நிலமற்றவர்களாக வைக்கப்பட்ட ஒரு மக்கள்கூட்டம் எழுந்து நடந்தாலே ஏன் 'வரம்பு மீறல்' ஆகிறது என்பதற்கான விடையில் ஒரு பாதி இங்கே இருக்கிறது.

2. மரபு என்று சொன்னது யார்?

மறுபாதி 'மரபு' என்ற சொல்லில் இருக்கிறது. மரபு என்றால் என்ன என்று இலக்கணத்தைக் கேட்டால் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எப்படி உயர்ந்தோர் சொன்னார்களோ, அப்படியே சொல்வதுதான் மரபு என்கிறது. அதற்கு மிக முந்திய தொல்காப்பியமும் மரபியலில் வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்ததே என்று விதிக்கிறது. அறிவால் உயர்ந்தோரைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று உரை சொல்லிச் சமாதானம் தேடலாம். ஆனால் அறிவு யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்டால் அந்தச் சமாதானம் நிற்காது.

மரபியலில் என்னென்ன இருக்கின்றன? விலங்குகளின் குட்டிக்கு என்ன பெயர், ஆணுக்கு என்ன பெயர், பெண்ணுக்கு என்ன பெயர் என்ற பட்டியல் இருக்கிறது. கன்று, குட்டி, பறழ், குருளை, களிறு, பிடி என்று அழகான சொற்கள். அதே இயலில்தான் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்ற நால்வகைப் பிரிவும் அவரவர்க்குரிய அடையாளங்களும் வருகின்றன. அந்த நூற்பாக்கள் பின்னால் சேர்க்கப்பட்டவை என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. இருக்கட்டும். சேர்த்தவர் அவற்றைச் சேர்க்க இந்த இயலைத் தேர்ந்தெடுத்தார் என்பதே நமக்குப் போதும். யானைக்குட்டியைக் கன்று என்று சொல்வதும் மனிதரை நான்கு தட்டில் வைப்பதும் ஒரே வகையான விதி என்று அவர் நினைத்திருக்கிறார். ஒன்று சொல்லின் ஒழுங்கு, மற்றது அதிகாரத்தின் ஒழுங்கு. இரண்டுக்கும் 'மரபு' என்று ஒரே பெயர் வைத்துவிட்டால், இரண்டாவதை எதிர்க்கிறவன் மொழியையே கெடுக்கிறவனாகத் தெரிவான்.

அகத்திணையியலில் இன்னொன்று உண்டு. அடியோரும் வினைவலரும், அதாவது அடிமைகளும் ஏவல் தொழில் செய்வோரும், அன்பின் ஐந்திணைக்குரிய தலைமக்கள் அல்லர். அவர்களின் காதலுக்கு ஐந்திணைக்குப் புறம்பான இடம்தான். குறிஞ்சியும் முல்லையும் அவர்கள் உழைத்த நிலம். ஆனால் அந்த நிலத்தின் பெயரால் வரும் காதல் அவர்களுக்கு இல்லை. உழைப்பவர் காதலிப்பதே இலக்கணத்துக்கு வெளியே நிற்கும் செயல் என்றால், மீறல் என்பது நாம் செய்து பெற்ற பட்டம் அல்ல. நாம் பிறப்பதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட பட்டம்.

இலக்கணத்துக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். அதே நன்னூல்தான் பழையது போவதும் புதியது வருவதும் வழு அல்ல, அது காலத்தின் இயல்பு என்றும் சொல்கிறது. 'வழுவமைதி' என்று ஒரு வாசலையே இலக்கணம் திறந்து வைத்திருக்கிறது. பிழைபோலத் தெரிந்தாலும் ஏற்கலாம் என்பது அதன் பொருள். ப. சிவகாமி 1989-இல் வெளிவந்த தம் முதல் நாவலுக்கு 'பழையன கழிதலும்' என்று அந்த நூற்பாவிலிருந்தே பெயர் எடுத்தார். உயர்ந்தோரின் இலக்கணத்திலிருந்தே உரிமையை உருவி எடுக்க முடியும் என்பதற்கு அந்தத் தலைப்பு ஒரு சாட்சி.

3. இழிசனர் வழக்கு

மீறல் என்ற குற்றச்சாட்டு எழுத்தின் மேல் நேராக விழுந்த ஒரு வழக்கு ஈழத்தில் நடந்தது. 1960களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து முற்போக்கு எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளில் அப்படியே எழுதினார்கள். டொமினிக் ஜீவா முடிதிருத்தும் நிலையத்திலிருந்து எழுத வந்தவர். 1966-இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கியவர். கே. டானியல் பின்னாளில் 'பஞ்சமர்' நாவலை எழுதியவர். இவர்களைப் போன்றோரின் எழுத்தைப் பண்டிதர்கள் 'இழிசனர் வழக்கு' என்றார்கள். தமிழ் மரபு கெடுகிறது என்றார்கள். மறுபக்கம் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் நின்றார்கள். இலக்கிய வரலாற்றில் அதற்கு 'மரபுப் போராட்டம்' என்றே பெயர்.

அந்தச் சண்டையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பண்டிதர்கள் 'இந்தச் சொல் தவறு' என்று மட்டும் சொல்லவில்லை. அந்தச் சொல்லைப் பேசுகிறவர் யார் என்று சொன்னார்கள். இழிசனர் என்பது சொல்லின் பெயர் அல்ல, ஆளின் பெயர். மரபு மீறல் என்ற குற்றப்பத்திரிகையில் முதல் பத்தி மொழியைப் பற்றி இருக்கும். கடைசிப் பத்தி பிறப்பைப் பற்றி இருக்கும்.

தமிழ்நாட்டில் 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோதும் இதே பேச்சு எழுந்தது. பேச்சுமொழியில் ஒரு புத்தகம் முழுவதும் எழுதலாமா, இந்த வசவுகள் அச்சில் வரலாமா என்று கேட்டார்கள். நன்னூல் தகுதி வழக்கில் 'இடக்கரடக்கல்' என்று ஒன்றைச் சொல்கிறது. அவையில் சொல்லத் தகாததை மறைத்து வேறு சொல்லால் சொல்வது அது. நல்ல பழக்கம்தான். ஆனால் மலம் அள்ள வைக்கப்பட்டவன் தன் வேலையைப் பற்றி எழுதும்போது எந்தச் சொல்லை அடக்குவான்? அவனுடைய வாழ்க்கையே அவையில் சொல்லத் தகாதது என்றால், இடக்கரை அடக்குவது அவனை அடக்குவதாகவே முடியும். ராஜ் கௌதமன் 1993-இல் 'தலித் பண்பாடு' நூலில் தொடங்கிக் கடைசிவரை இதைத்தான் விளக்கினார்: இழிவு என்று ஒதுக்கப்பட்ட உணவு, பேச்சு, சிரிப்பு, ஆட்டம் ஆகியவற்றிலிருந்தே எதிர்ப்பின் பண்பாட்டைக் கட்ட முடியும். 2024 நவம்பரில் அவரை இழந்தோம். அவருடைய நூல்களை நம் இளைஞர்கள் வாசிப்பதே அவருக்கு நாம் செய்யும் அஞ்சலி.

4. அத்து மீறு

பழிச்சொல்லாக இருந்த இதை 1990களில் ஒரு மக்கள் இயக்கம் ஏவல் வினையாக மாற்றியது. தொல். திருமாவளவன் தலைமையில் விடுதலைச் சிறுத்தைகள் 'அடங்க மறு, அத்து மீறு' என்று சுவரில் எழுதியபோது பலர் அதிர்ந்தார்கள். வன்முறைக்கு அழைக்கிறார்கள் என்றார்கள். நாம் முன்பே பார்த்தோம், அத்து என்றால் நிலத்தின் எல்லை. யாருடைய அத்தை யார் மீறியிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்போமா?

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891-இல் பறையர் மக்களின் நிலைமை குறித்து அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கைமாற்றத்துக்கு 'அத்துமீறல்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. கிரயம் என்றார்கள், அனுபவ பாத்தியதை என்றார்கள், பட்டா என்றார்கள். 1994 அக்டோபரில் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். எல்லைக் கல்லைத் தாண்டி வந்து உட்கார்ந்தவன் உரிமையாளன் ஆனான். எல்லைக் கல் எங்கே என்று கேட்டவன் அத்துமீறியவன் ஆனான்.

சமூகவியல் படித்தவர்களுக்கு ஹோவர்ட் பெக்கரின் பெயர் தெரிந்திருக்கும். 'வெளியாட்கள்' என்று பொருள்படும் தலைப்பில் 1963-இல் அவர் எழுதிய நூலின் மையக் கருத்து இதுதான்: பிறழ்வு என்பது ஒரு செயலுக்குள் இருக்கும் குணம் அல்ல, விதி வகுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் பிறர் மேல் ஒட்டும் முத்திரை. அமெரிக்காவின் இசைக் கலைஞர்களையும் போதைப் பழக்கத்தையும் வைத்து அவர் கண்டதை நம் சேரியின் அமைப்பு எப்போதோ சொல்லிவிட்டது. ஊருக்கு வெளியே குடிவைத்துவிட்டு, உள்ளே வந்தால் மீறல் என்பது.

5. இரண்டு சட்டப் புத்தகங்கள்

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு நேராக வருவோம். மீறியது யார்?

1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம் பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோருக்கும் திறந்தவை என்று தீர்மானித்தது. அதையொட்டி மகாடு நகராட்சியும் 1924-இல் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டது. தாளில் திறந்த குளத்தில் மூன்று ஆண்டுகள் யாரும் நீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. சட்டம் கொடுத்ததை எடுத்தார். அடித்தவர்கள்தான் சட்டத்தை மீறினார்கள். பிறகு சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு சாதகமாக வர 1937 ஆயிற்று.

நம் மாகாணத்திலும் இரட்டைமலை சீனிவாசன் உறுப்பினராக இருந்த சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லாருக்கும் பொது என்ற தீர்மானம் 1924-இல் நிறைவேறியது. நூறு ஆண்டு கடந்துவிட்டது. அந்தத் தீர்மானத்தின்படி தெருவில் நடந்தவர்கள் எத்தனை ஊரில் அடிபட்டார்கள்!

மேலவளவு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. ஊராட்சித் தலைவர் பதவி அரசமைப்புச் சட்டத்தின்படி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் வேட்புமனு கொடுத்தார், போட்டியிட்டார், வென்றார். ஒவ்வொன்றும் சட்டம் சொன்னபடி. 1997 ஜூன் 30-இல் அவரையும் உடன் இருந்த ஐவரையும் வெட்டிக் கொன்றார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவர் ஊர் வழக்கத்தை மீறியவராகி உயிரைக் கொடுத்தார்.

நம் மாவட்டத்துக்கே வருவோம். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப் போன பள்ளிக் குழந்தைகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அவர் சொன்ன காரணம், ஊரில் 'கட்டுப்பாடு' போட்டிருக்கிறார்கள் என்பது. அந்தச் சொல் அந்தக் குழந்தைகளுக்குப் புரியவில்லை. கட்டுப்பாடு என்றால் என்ன என்று திரும்பக் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாம் மறக்கக் கூடாது. கட்டுப்பாடு என்பது தமிழில் நல்ல சொல். தன்னைத் தானே கட்டுக்குள் வைப்பது. இங்கே அது அடுத்தவன் பிள்ளையின் மிட்டாயைக் கட்டுவதாயிற்று. சமூகப் புறக்கணிப்பு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெயர் சொல்லப்பட்ட குற்றம். கைது நடந்தது, கடைக்கு முத்திரை வைத்தார்கள். அதே சட்டத்தின் 10ஆம் பிரிவைக் கொண்டு, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் அந்த ஊருக்குள் வரக் கூடாது என்று திருநெல்வேலி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரை விட்டு விலக்கும் அதிகாரம் நூற்றாண்டுகளாக ஊர்க்கூட்டத்திடம் இருந்தது. அன்றைக்கு அது சட்டத்தின் கையில் இருந்தது.

ஆக, நம் ஊர்களில் இரண்டு சட்டப் புத்தகங்கள் புழங்குகின்றன. ஒன்று எழுதப்பட்டது, அதன் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. மற்றது எழுதப்படாதது, அதற்கு வழக்கம், கட்டுப்பாடு, மரபு என்று பல பெயர். முதல் புத்தகத்தைக் கையில் எடுத்தவன் இரண்டாவதை மீறித்தான் ஆக வேண்டும். இரண்டாவதைக் காப்பவன் முதலாவதை மீறித்தான் ஆக வேண்டும். பெரியவர் கேட்டது சரி. அவர்களும் மீறுகிறார்கள். ஆனால் அவர்களுடைய மீறலுக்குப் 'பாரம்பரியம்' என்று பெயர் கிடைக்கிறது, நம்முடைய கீழ்ப்படிதலுக்கு 'மீறல்' என்று பெயர் கிடைக்கிறது.

6. நம் வீட்டு வரம்பு

இத்தோடு முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கணக்குப் பாதியில் நிற்கும். நம்முடைய தெருவுக்குள்ளும் எழுதப்படாத புத்தகம் ஒன்று உண்டு. 'பழையன கழிதலும்' நாவல் அன்றைக்கே நம் தலைவர்களின் ஆண்மைத் திமிரைக் காட்டியது. 1994-இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது கடும் விவாதம் எழுந்தது. புதிரை வண்ணார் வாழ்வைச் சொன்ன அந்த நாவல், ஒடுக்கப்பட்டவருக்கும் கீழே ஒருவர் வைக்கப்பட்டிருப்பதைப் பேசியது. நம்மை நாமே காட்டிக்கொடுக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். இது பண்டிதர் கேட்ட கேள்வியின் தம்பிதான். 2009-இல் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு வந்தபோதும் நம்மில் பலர் முகம் சுளித்ததை மறக்க வேண்டாம். நம் பெண் பிள்ளை தன் விருப்பப்படி துணையைத் தேர்ந்தால் 'பேச்சை மீறிட்டா' என்று நாமும் அதே வினையைத்தான் எடுக்கிறோம். மேலேயிருந்து வரும்போது சுடுகிற சொல், நம் வாயிலிருந்து கீழே போகும்போது நமக்குச் சுடுவதில்லை.

7. எப்படி எழுதுவது?

எழுத வரும் இளைஞர்களுக்கு மூன்று செய்தி சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று, 'மரபு மீறல்' என்று வெறுமனே எழுதாதீர்கள். அந்தப் பெயர்ச்சொல் மீறியவரையும் மறைக்கும், மரபு யாருடையது என்பதையும் மறைக்கும். யார், எதை, யார் வகுத்ததைக் கடந்தார் என்று வினையாகப் பிரித்து எழுதுங்கள். உண்மை வெளியே வந்துவிடும்.

இரண்டு, சட்டம் நம் பக்கம் இருக்கும் இடத்தில் 'உரிமையைப் பயன்படுத்தினார்' என்றே எழுதுங்கள். தடுத்தவர் செயலுக்கு 'மீறல்' என்று எழுதுங்கள். செய்தித்தாள் 'இரு தரப்பு மோதல்' என்று எழுதினாலும் நாம் அப்படி எழுத வேண்டாம்.

மூன்று, சட்டமும் மௌனமாக இருக்கும் இடங்கள் உண்டு. மொழியில், இலக்கியத்தில், அழகு பற்றிய எண்ணத்தில், நம் வீட்டு அடுப்படியில். அங்கேதான் 'மீறு' என்ற சொல்லுக்கு அதன் பழைய பொருள் முழுதாகப் பொருந்தும். மீ என்றால் மேல். அங்கே மீறுவது பிழை செய்வதல்ல. அளவு போட்டு வைத்த இடத்துக்கு மேலே எழுவது.

பெரியவருக்கு இதுதான் நம் பதில், ஐயா. தெருவில் நீங்கள் நடந்தது மீறல் இல்லை. அது உங்கள் தெரு. உங்களைத் தடுத்ததுதான் மீறல். ஆனால் நடந்த கதையை உங்கள் பேத்தி உங்கள் பேச்சிலேயே, ஒரு சொல்லையும் அடக்காமல் எழுதினால், அதை மட்டும் மீறல் என்று சொல்ல அனுமதி கொடுங்கள். அடுத்த அழைப்பிதழில் அந்தச் சொல்லைப் போடும் முன் உங்களிடம் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்போம்.

ஜெய் பீம்.